அணுவின் கருவும் இலங்கைக் கற்களும்

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் உட்கட்டமைப்பை அறிவதற்கு விஞ்ஞானிகளுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. சில அணுக்கள் தாமாகவே எதையோ வெளியே எறிகின்றன. அதைப் பிடித்து என்னவென்று பார்ப்பது ஒரு வழி. அப்படி எறியப்பட்டதை இன்னோர் அணுவின் மீது மோதவிட்டு, அது எந்தத் திசையில் விலகிப்போகிறது என்று பார்ப்பது மற்ற வழி. 1896 முதல் 1932 வரை, முப்பத்தாறு ஆண்டுகளுக்குள், இந்த இரண்டு வழிகளாலும் அணுவின் உள்ளே இருப்பது தெரியவந்தது. அந்த ஆராய்ச்சி பாரிஸ், கேம்பிரிட்ஜ், மொன்றியல், மன்செஸ்டர், கிளாஸ்கோ, பேர்லின் முதலிய நகரங்களில் நடந்தது. அதற்கு வேண்டிய கற்களில் சில இலங்கையிலிருந்து போயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் டால்ற்றன் அணுவைப் பற்றி இரண்டு முக்கிய கூற்றுகளை முன்வைத்தார். அணுவைப் பிரிக்க முடியாது என்பது முதலாவது. ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை என்பது இரண்டாவது. வேதியியல் முழுவதும் இந்த இரண்டின் மேலேயே கட்டி எழுப்பப்பட்டது. முதலாவது கூற்று 1897இல் உடைந்தது. கேம்பிரிட்ஜின் கவண்டிஷ் ஆய்வுகூடத்தில் ஜே.ஜே. தொம்சன், காற்றகற்றிய கண்ணாடிக் குழாயில் மின்னைப் பாய்ச்சும்போது தோன்றும் கதிர்களை ஆராய்ந்து, அவை மறையேற்றம் கொண்ட துணிக்கைகள் என்று நிறுவினார். எந்த உலோகத்திலிருந்து வந்தாலும் அவை ஒரே மாதிரியாக இருந்தன. இலத்திரன் என்று பெயர் பெற்ற இத்துணிக்கை, ஐதரசன் அணுவின் எடையில் ஏறத்தாழ 1,800இல் ஒரு பங்கு. அணுக்களில் மிகச் சிறியதைவிடவும் சிறியதொன்று அணுக்களுக்குள்ளேயே இருந்தது.

டால்ற்றனின் இரண்டாவது கூற்று இன்னும் பதினாறு, பதினேழு ஆண்டுகள் நின்றது. அதை உடைத்ததில் இலங்கைக் கல்லுக்கு நேரடிப் பங்கு உண்டு.

அணு மின்னேற்றம் அற்றது. அதற்குள் மறையேற்றம் கொண்ட இலத்திரன்கள் இருந்தால், அவற்றைச் சமன்செய்ய அதே அளவு நேரேற்றமும் இருக்க வேண்டும். அந்த நேரேற்றம் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது? தொம்சன் 1904இல் ஒரு விடை சொன்னார்: அணு முழுவதும் நேரேற்றம் ஒரே சீராகப் பரவிக் கிடக்கிறது, அதற்குள் இலத்திரன்கள் வளையம் வளையமாகப் பதிந்திருக்கின்றன. அதே ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஹன்ரரோ நாகஓக்கா, நடுவில் கனத்த நேரேற்றமும் அதைச் சுற்றிச் சனிக்கிரகத்தின் வளையம் போல் இலத்திரன்களும் இருக்கலாம் என்றார். இரண்டில் எது சரியென்று தீர்மானிக்க அப்போது எவரிடமும் பரிசோதனை இல்லை.

அதற்கான கருவி வேறொரு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1896இல் பாரிஸில் ஹென்றி பெக்கரல், கறுப்புத் தாளால் சுற்றிய புகைப்படத் தட்டை யுரேனிய உப்பு கறுக்கச் செய்வதைக் கண்டார். வெயிலும் வேண்டாம், சூடும் வேண்டாம். உப்பு தானாகவே கதிர்வீசியது. 1898இல் தோரியம் என்ற மூலகமும் அப்படியே செய்கிறது என்பதை மேரி கியூரியும் ஜேர்மனியில் கெர்ஹாட் ஷ்மிட்டும் தனித்தனியே கண்டறிந்தனர். அதே ஆண்டில் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தனர். நியூசிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் தொம்சனிடம் பயின்ற ஏர்னஸ்ட் ரதர்போர்ட், இந்தக் கதிர்களில் இரண்டு வகை உண்டு என்று 1899இல் எழுதினார். ஒரு தாளே தடுத்துவிடும் வகைக்கு அல்பா என்றும், ஊடுருவிச் செல்லும் வகைக்கு பீற்றா என்றும் பெயரிட்டார். பீற்றா என்பது வேகமாக வரும் இலத்திரனே என்று விரைவில் தெரிந்தது. அல்பா என்ன என்பதுதான் பத்தாண்டுக் கேள்வி.

தோரியம் அக்காலத்தில் வீடுகளுக்குள்ளேயே இருந்த பொருள். ஒஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் கண்டுபிடித்த வாயு விளக்கின் வலைப்பையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டுத்தான். திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கொளுத்திய பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டும் மென்டிலும் அதே வகையைச் சேர்ந்தது. பழைய மென்டில் ஒன்றை இருட்டில் புகைப்படச் சுருளின் மேல் சில நாட்கள் வைத்தால், வலையின் உருவம் சுருளில் பதிந்துவிடும். மென்டில் செய்வதற்காகவே உலகெங்கும் தோரியக் கனியங்களைத் தேடினார்கள். 1909இல் கன்னியாகுமரிக் கரையில் மணவாளக்குறிச்சி மணலில் மொனசைற் இருப்பதை ஷொம்பேர்க் என்ற ஜேர்மானியர் கண்டறிந்ததும் இந்தத் தேடலின் விளைவே.

இலங்கையின் கிழக்குக் கரையிலும் அந்தக் கனியம் உண்டு. திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று வடக்கே போகும் கரையோர வீதியில் திரியாய்க்கு அப்பால் புல்மோட்டை வருகிறது. அங்கே கடற்கரை மணல் கறுப்பாக, கையில் அள்ளினால் கனமாக இருக்கும். உள்நாட்டுப் பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகள் தேய்ந்து, ஆறுகளோடு கடலுக்கு வந்து சேர்ந்தவை அந்த மணிகள். வாடைக்காற்றுக் காலத்து அலை பாரம் குறைந்த வெண்மணலை இழுத்துக்கொண்டு போக, பாரமான மணிகள் கரையில் தங்கிவிடுகின்றன. 1957இல் அமைக்கப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனம் இந்த மணலைப் பிரித்தெடுக்கும் தொழிலைத் தொடங்கியது. இன்று லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச நிறுவனம் அதைச் செய்கிறது. மணலின் பெரும்பங்கு இல்மனைற். அதைக் காந்தத்தால் இழுத்தெடுக்கலாம். ரூட்டைலும் சிர்க்கனும் அடுத்த நிலையில் உள்ளன. மொனசைற் மிகக் கொஞ்சமே, நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. ஆனால் தோரியம் இருப்பது அதற்குள்தான். ஒவ்வொரு மொனசைற் மணியும் இந்தக் கணத்திலும் அல்பா துணிக்கைகளை எறிந்துகொண்டிருக்கிறது.

மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த ரதர்போர்ட்டுக்கு முதல் பெரிய துப்பைக் கொடுத்தது தோரியமே. அவருடைய சகாவான ஆர்.பி. ஓவன்ஸ் தோரியம் ஒட்சைட்டின் கதிர்ப்பை அளக்க முயன்றார். அளவு ஒருநிலையில் நிற்கவில்லை. அறைக் கதவைத் திறந்து காற்றோட்டம் பட்டால் குறைந்தது. கதவை மூடினால் மீண்டும் கூடியது. யுரேனியம் இப்படிச் செய்வதில்லை. தோரியத்திலிருந்து ஒரு வாயு வெளிவருகிறது, அந்த வாயுவும் கதிர்வீசுகிறது, காற்று அதை அடித்துக்கொண்டு போகிறது என்று 1900இல் ரதர்போர்ட் விளக்கினார். அந்த வாயுவின் கதிர்ப்பு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. அரைவாழ்வுக்காலம் என்ற கருத்து பிறந்தது இந்தத் தோரிய வாயுவை அளந்தபோதுதான்.

அடுத்த ஆண்டு இளம் வேதியியலாளர் பிரெடெரிக் சொடி அவருடன் சேர்ந்தார். தோரியத்திலிருந்து கதிர்ப்பு மிகுந்த ஒரு பகுதியை இருவரும் வேதியியல் முறையால் பிரித்தெடுத்து, அதற்குத் தோரியம் எக்ஸ் என்று பெயரிட்டார்கள். மீதியாக இருந்த தோரியத்தில் கதிர்ப்பு பெருமளவு குறைந்திருந்தது. இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு 1901 நத்தார் விடுமுறைக்குப் போனார்கள். மூன்று கிழமை கழித்து வந்து பார்த்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. தோரியம் எக்ஸ் கதிர்வீசும் வலிமையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தது. தோரியமோ இழந்ததைத் திரும்பப் பெற்றிருந்தது. ஒரு மூலகம் தானாகவே இன்னொரு மூலகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருக்கவில்லை. 1902இல் இதை வெளியிட்டார்கள். இரசவாதிகளின் பேச்சு என்று வேதியியலாளர்கள் தள்ளிவைத்திருந்த ஒரு கருத்தை, அளந்து காட்டிய எண்களோடு முன்வைக்க இருவருக்கும் துணிவு இருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் இலங்கை கதைக்குள் வருகிறது. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைத் தமிழுலகம் கலை அறிஞராக அறியும். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமனான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் அவர்; தாய் இங்கிலாந்தில் கென்ற் மாவட்டத்தைச் சேர்ந்தவர். நடராசர் வடிவத்தைப் பற்றி உலகம் படித்த கட்டுரையை எழுதுவதற்கு முன் அவர் புவிச்சரிதவியல் ஆய்வாளராக இருந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் முதல் வகுப்பில் தேறினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் முதற் பணிப்பாளராக நாடு முழுவதும் அலைந்து கற்களைச் சேகரித்தார். செரெண்டிபைற் என்ற புதிய கனியத்தை ஜி.ரி. பிரையருடன் சேர்ந்து விவரித்தவரும் அவரே.

சப்பிரகமுவ மாகாணத்தில் பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் இரத்தினக்கல் அரிப்பவர்களின் கூடையில், நீலத்தோடும் கெம்போடும் கறுப்புக் கட்டிகளும் தங்கும். சின்னஞ்சிறு சதுரக் கட்டிகள். நீரைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட கனம். சாதாரண வெண்கல்லின் கனம் அதில் மூன்றிலொரு பங்குகூட வராது. பாரத்தினால்தான் அவை கூடையின் அடியில் நின்றுவிடும். குமாரசுவாமி அவற்றை யுரேனியக் கனியம் என்று கருதி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே இம்பீரியல் நிறுவனத்தில் வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, கல்லின் முக்கால் பங்கு தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. அதுவரை உலகம் அறியாத கனியம் அது. 1904இல் தோரியனைற் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். யுரேனியம் என்று எண்ணி அனுப்பியதைக் குமாரசுவாமியின் குறையாகக் கொள்ள இடமில்லை. கல்லின் கறுப்பும் கனமும் வடிவமும் யுரேனியக் கனியத்தைப் பெரிதும் ஒத்தவை, அதில் யுரேனியமும் ஓரளவு இருந்தது. ஒதுக்கி எறியப்படும் கறுப்புக் கட்டியை ஆராயத் தக்கது என்று எடுத்ததே பெரிய காரியம்.

தோரியனைற்றை ஆவலோடு வாங்கியவர்களில் ஒருவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த வில்லியம் ராம்சே. ஈலியம் என்ற வாயுவைப் பூமியில் முதலில் பிடித்தவர் அவர். தோரியனைற்றைச் சூடாக்கினால் ஈலியம் தாராளமாக வெளிவந்தது. ஒரு கிராம் கல்லிலிருந்து ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர், அதாவது கல்லின் பருமனைப்போல் எண்பது மடங்கு வாயு. வேறு எதனோடும் சேராத ஒரு வாயு, இறுகிய கல்லுக்குள் இவ்வளவு எப்படி நுழைந்தது? நுழையவில்லை, உள்ளேயே உண்டானது என்பதே விடை. ரேடியத்திலிருந்து ஈலியம் உண்டாவதை ராம்சேயும் சொடியும் 1903இலேயே காட்டியிருந்தார்கள். தோரியனைற்றில் ஈலியம் எந்த வேகத்தில் உண்டாகிறது என்று ஆர்.ஜே. ஸ்ரட் 1910இல் அளந்து, கல்லுக்குள் சேர்ந்திருந்த வாயுவோடு ஒப்பிட்டு, இலங்கைக் கல் குறைந்தது இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது என்று கணக்கிட்டார். வாயுவின் ஒரு பகுதி கசிந்துபோயிருக்கும் என்பதால் அது குறைந்தபட்சக் கணக்கு. உண்மையான வயது 55 கோடி ஆண்டு அளவில் இருக்கும் என்று இன்று தெரியும்.

ராம்சேயிடம் 1904இல் ஒற்றோ ஹான் என்ற இளைஞர் ஜேர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார். வேதியியற் கம்பனி ஒன்றில் வேலை பெறுவதற்கு ஆங்கிலம் பழகிக்கொள்வதே அவருடைய நோக்கம். கதிர்த்தொழிற்பாட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ராம்சே அவர் கையில் ஏறத்தாழ 100 கிராம் பேரியம் உப்பைக் கொடுத்து, இதில் 10 மில்லிகிராம் அளவுக்கு ரேடியம் இருக்கும், பிரித்தெடு என்றார். அந்த உப்பு இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்டது. உப்பைக் கரைத்து, பளிங்காக்கி, மீண்டும் கரைத்து என்று படிப்படியாகப் பிரித்தபோது ரேடியத்தோடு சேராமல் தனியே ஒதுங்கிய இன்னொரு பொருள் மிகக் கடுமையாகக் கதிர்வீசியது. தோரியத்திலிருந்து வரும் அதே ஒரு நிமிட வாயு அதிலிருந்தும் வந்தது. ஹான் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். ஆண்டு 1905. மொன்றியலில் ரதர்போர்ட் முதலில் இதை நம்பவில்லை. ஹான் நேரே அங்கே போய் ஓராண்டு தங்கி அவரை நம்பவைத்தார். கம்பனி வேலை கைவிடப்பட்டது. 1938இல் யுரேனிய அணுக்கரு பிளவுறுவதைக் கண்டறிந்த ஹானை இந்தத் துறைக்கு இழுத்தது இலங்கைக் கல்லிலிருந்து வந்த அந்த உப்பே.

ரேடியோதோரியம் ஒரு விடுகதையையும் கூடவே கொண்டுவந்தது. 1907இல் சிகாகோவில் ஹேர்பட் மக்கோயும் வில்லியம் றொஸும் அதைச் சாதாரண தோரியத்தோடு கலந்துவிட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த வேதியியல் முறையாலும் பிரிக்க முடியவில்லை. கதிர்ப்பிலும் ஆயுளிலும் முற்றிலும் வேறுபட்ட இரண்டு பொருள்கள் வேதியியலில் ஒன்றேபோல் நடந்துகொண்டன. இதன் பொருள் விளங்குவதற்கு அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது.

1907இல் ரதர்போர்ட் மன்செஸ்டருக்கு மாறினார். அல்பா என்ன என்ற கேள்வியை அங்கே தோமஸ் றொயிட்ஸுடன் சேர்ந்து முடித்துவைத்தார். கண்ணாடி ஊதுவதில் வல்லவரான பௌம்பாக் என்பவர் அவர்களுக்கு ஒரு குழாய் செய்து கொடுத்தார். அதன் சுவர் நூறில் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லியது. குழாய்க்குள் அடைத்த, ரேடியத்திலிருந்து வரும் வாயு தப்பிப்போக முடியாது, ஆனால் அது எறியும் அல்பா துணிக்கை கண்ணாடியைத் துளைத்து வெளியே போய்விடும். வெளியே காற்றகற்றிய இன்னொரு குழாய். ஆறு நாட்களில் வெளிக் குழாயில் ஈலியத்தின் நிறக்கோடுகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அல்பா துணிக்கை மின்னேற்றம் கொண்ட ஈலியம் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. தோரியனைற் கட்டிக்குள் அடைபட்டிருந்த வாயு, கோடானுகோடி அல்பா துணிக்கைகள் நின்ற இடத்தில் திரண்டதே.

இனி இந்தத் துணிக்கையைக் கொண்டு எறிந்து பார்க்கலாம். ஹான்ஸ் கைகரும் இருபது வயது மாணவர் ஏர்னஸ்ட் மார்ஸ்டனும் அதைச் செய்தார்கள். ரேடியத்திலிருந்து வரும் அல்பா துணிக்கைகள் மெல்லிய பொன் தகட்டின் மீது பட்டன. மறுபக்கத்தில் துத்தநாக சல்பைட்டுப் பூசிய சிறு திரை. ஒவ்வொரு துணிக்கையும் திரையில் படும்போது ஊசிமுனை அளவில் ஒரு மினுக்கம் தோன்றி மறையும். முழு இருட்டறையில் கண் பழகும் வரை காத்திருந்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, மினுக்கங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண் விரைவில் களைத்துவிடும் என்பதால் ஒருவர் மாறி ஒருவர் எண்ணினார்கள்.

தொம்சன் சொன்னபடி நேரேற்றம் பரவலாக இருந்தால் வேகமான அல்பா துணிக்கை சிறிதளவே விலகும். பெரும்பாலானவை அப்படித்தான் போயின. துணிக்கைகள் வந்த பக்கத்துக்கே ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்க்கும்படி ரதர்போர்ட் மார்ஸ்டனிடம் சொன்னார். வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்தது. பிளாற்றினத் தகட்டில் எண்ணாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் துணிக்கைகள் பின்னோக்கித் தெறித்தன. 1909இல் இந்த எண் வெளியானது.

இதைப் பற்றி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிந்தித்த பிறகே ரதர்போர்ட் விடை சொன்னார். பல சிறிய விலகல்கள் சேர்ந்து ஒரு பெரிய விலகலாக முடியுமா என்று முதலில் கணக்கிட்டார். அதற்கான வாய்ப்பு பூச்சியத்துக்குச் சமம். ஒரே மோதலில் துணிக்கை திரும்ப வேண்டுமானால், அணுவின் ஏற்றமும் எடையும் மிக மிகச் சிறிய ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும். அந்தக் குவியலை நெருங்க நெருங்க விலக்குவிசை பெருகும். எந்தக் கோணத்தில் எத்தனை துணிக்கைகள் விலகும் என்று ஒரு சூத்திரம் எழுதினார். 1911 மே மாதம் கட்டுரை வெளிவந்தது. கைகரும் மார்ஸ்டனும் கோணம் கோணமாக எண்ணி, சூத்திரம் சரியென்று 1913இல் காட்டினார்கள். அணுக்கரு கண்டுபிடிக்கப்பட்டது.

அதன் அளவை மனத்தில் வாங்கிக்கொள்வது கடினம். பொன்னணு ஒன்றை ஒரு கிலோமீற்றர் அகலமான திரியாய் வயல்வெளி என்று வைத்துக்கொண்டால், அதன் கரு நடுவில் கிடக்கும் ஒரு தேசிக்காய். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அந்தத் தேசிக்காய்க்குள் இருக்கிறது. மீதி வெளியில் இலத்திரன்களைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ணாயிரத்தில் ஒன்று மட்டுமே திரும்பியதற்கு இதுவே காரணம்.

கரு கண்டுபிடிக்கப்பட்டவுடன் ஒரு சிக்கலும் எழுந்தது. கருவைச் சுற்றும் இலத்திரன் சக்தியை இழந்து ஒரு கணத்தில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும் என்று அக்காலப் பௌதிகவியல் சொன்னது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர் 1913இல், இலத்திரன்கள் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே இருக்க முடியும், அங்கே இருக்கும்போது சக்தியை வெளிவிடமாட்டா என்று விதித்து, ஐதரசனின் நிறக்கோடுகளைத் துல்லியமாக விளக்கினார். அவ்வாண்டே ஹென்றி மோஸ்லி ஒவ்வொரு மூலகமும் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, ஆவர்த்தன அட்டவணையின் வரிசை எண் என்பது கருவில் உள்ள நேரேற்றத்தின் எண்ணிக்கையே என்று காட்டினார். ஒரு மூலகம் எது என்பதைத் தீர்மானிப்பது எடையன்று, இந்த அணுவெண்தான். மோஸ்லி முதலாம் உலகப் போரில், 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் இருபத்தேழு வயதில் கொல்லப்பட்டார். விஞ்ஞானம் அந்தப் போரில் இழந்தவற்றில் இதைவிடப் பெரிய இழப்பைச் சொல்வது கடினம்.

இப்போது தோரிய விடுகதைக்கு விடை கிடைத்தது. கரு ஓர் அல்பா துணிக்கையை எறிந்தால் அணுவெண் இரண்டு குறையும். பீற்றாவை எறிந்தால் ஒன்று கூடும். கிளாஸ்கோவில் இருந்த சொடியும் ஜேர்மனியில் கசிமிர் பஜான்ஸும் 1913இல் இந்த விதியை வகுத்தனர். தோரியத்தின் அணுவெண் 90. அது ஓர் அல்பாவை எறிந்து 88க்கு இறங்குகிறது. அடுத்து ஒரு பீற்றா, 89. இன்னொரு பீற்றா, மீண்டும் 90. அந்த இரண்டாவது 90தான் ஹான் கண்ட ரேடியோதோரியம். முதல் தோரியத்தைவிட எடை நான்கு அலகு குறைவு; ஆனால் கருவின் ஏற்றம் அதே 90. ஆகவே வெளியே இலத்திரன்களின் எண்ணிக்கையும் அதே. வேதியியல் பார்ப்பது வெளியிலுள்ள இலத்திரன்களை மட்டும் என்பதால் அதற்கு இரண்டும் ஒன்றே. இத்தகைய அணுக்களைச் சமதானிகள் என்று இலங்கைப் பாடநூல்கள் அழைக்கின்றன; ஐசோடோப் என்பதும் இதுவே.

விதியைத் தொடர்ந்து கீழே போனால் தோரியம் ஆறு அல்பாவையும் நான்கு பீற்றாவையும் எறிந்து ஈயத்தில் நிற்கிறது. 232இலிருந்து 24 போக, எடை 208. யுரேனியம் எட்டு அல்பாவையும் ஆறு பீற்றாவையும் எறிந்து அதுவும் ஈயத்திலேயே முடிகிறது. 238இலிருந்து 32 போக 206. சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2. சமதானிக் கருத்து உண்மையானால் தோரியக் கல்லில் கிடைக்கும் ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமாகவும், யுரேனியக் கல்லில் கிடைப்பது பாரம் குறைவாகவும் இருக்க வேண்டும்.

யுரேனியப் பக்கத்தை ஹாவர்ட்டில் தியோடர் றிச்சாட்ஸும் மக்ஸ் லெம்பேட்டும் 1914இல் அளந்தார்கள். பல நாட்டுக் கனியங்களின் ஈயம் 206.4 முதல் 206.9 வரை வந்தது. அவர்கள் எடுத்த மாதிரிகளில் இலங்கைத் தோரியனைற்றும் ஒன்று. அதில் யுரேனியமும் கணிசமாகக் கலந்திருந்ததால் அதன் ஈயம் 206.82 என்று நின்றது. தோரியப் பக்கத்தைச் சோதிக்க யுரேனியம் மிகக் குறைந்த கல் வேண்டும். அதுவும் இலங்கையிலேயே கிடைத்தது. தோரைற் என்ற இன்னொரு கனியம்: பாதிக்கு மேல் தோரியம், யுரேனியம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. அதில் ஈயமும் மிகக் குறைவு, நூறு கிராம் கல்லில் அரைக் கிராம்கூட இல்லை. சொடி அந்தச் சிறு அளவு ஈயத்தைப் பிரித்தெடுத்து, ஹென்றி ஹைமனுடன் சேர்ந்து 1914இல் அதன் அணுநிறையை 208.4 என்று அறிவித்தார். அளவு சற்று மிகையாக இருந்தாலும் திசை சரியாக இருந்தது.

அடுத்ததாக அவர் செய்ததுதான் இந்த வரலாற்றில் மிக அழகான பரிசோதனை. அபடீன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின், இலங்கைத் தோரைற்றின் ஈயத்தையும் சாதாரண ஈயத்தையும் எடுத்து இரண்டின் அடர்த்தியை ஒப்பிட்டார். அணுவின் பருமனை நிர்ணயிப்பவை வெளியே உள்ள இலத்திரன்கள் என்றால், கரு பாரமாவதால் அணு பெருக்காது. அதே இடத்துக்குள் கூடுதலான எடை அடங்க வேண்டும். அணுநிறை எந்த விகிதத்தில் கூடுகிறதோ அதே விகிதத்தில் அடர்த்தியும் கூட வேண்டும். இலங்கை ஈயம் நூற்றுக்கு 0.26 பங்கு அடர்த்தி கூடியதாக இருந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் அணுநிறை 207.74. ஒற்றோ ஹொனிக்ஷ்மிட் வேதியியல் முறையால் மிக நுட்பமாக அளந்து பெற்ற எண் 207.77. இரண்டு வேறு வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரே மூலகத்தின் அணுக்கள் ஒரே எடை கொண்டவை என்ற டால்ற்றனின் இரண்டாவது கூற்று இதோடு முடிந்தது. பொன் தகட்டுப் பரிசோதனை, கரு உண்டு என்று சொன்னது. இலங்கை ஈயத்தின் அடர்த்தி, கருவும் இலத்திரன்களும் தனித்தனி வேலை செய்கின்றன என்று காட்டியது: எடை கருவினுடையது, பருமனும் வேதியியல் குணமும் இலத்திரன்களுடையவை. சொடிக்கு வேதியியலுக்கான 1921ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

கருவுக்குள் என்ன என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. 1919இல் ரதர்போர்ட், அல்பா துணிக்கை நைதரசன் கருவில் மோதும்போது ஐதரசன் கரு வெளியே தெறிப்பதை அறிவித்தார். எல்லாக் கருக்களுக்கும் பொதுவான அந்த நேரேற்றத் துணிக்கைக்குப் புரோத்தன் என்று பெயர் வந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் அஸ்ரன், அணுக்களை எடை வாரியாகப் பிரிக்கும் கருவியைச் செய்து, நியோன் போன்ற கதிர்வீசாத மூலகங்களிலும் சமதானிகள் உண்டு என்று காட்டினார். ஆனால் புரோத்தன்களை மட்டும் கூட்டினால் எடைக் கணக்குச் சரிவரவில்லை. ஈயக் கருவின் ஏற்றம் 82, எடையோ 200க்கு மேல். மீதி எடை எதனுடையது? ஏற்றமில்லாத ஒரு துணிக்கை இருக்கலாம் என்று 1920இல் ரதர்போர்ட் முன்கூட்டியே சொன்னார். அதைப் பிடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பெரிலியத்தின் மேல் அல்பா துணிக்கைகள் படும்போது, ஈயத் தகட்டையும் துளைக்கும் ஒரு கதிர் வருவதை ஜேர்மனியில் போதேயும் பெக்கரும் கண்டிருந்தார்கள். பாரிஸில் ஜோலியோ கியூரி தம்பதியர், அது மெழுகிலிருந்து புரோத்தன்களைத் தெறிக்கச் செய்வதைக் கண்டார்கள். 1932 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சட்விக், அந்தத் தெறிப்பின் வேகத்தை அளந்து, கதிராக வந்தது புரோத்தனை ஒத்த எடையுள்ள, ஏற்றமற்ற துணிக்கை என்று நிறுவினார். அதுவே நியூத்திரன்.

அத்துடன் இலங்கைக் கல்லின் ஈயத்துக்கும் முழு விளக்கம் கிடைத்தது. தோரியத்திலிருந்து வந்த ஈயக் கருவில் 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் உள்ளன. யுரேனியத்திலிருந்து வந்ததில் அதே 82 புரோத்தன்களும் 124 நியூத்திரன்களும். சொடியும் றிச்சாட்ஸும் அளந்த வேறுபாட்டுக்குக் காரணம் அந்த இரண்டு நியூத்திரன்களே.